சந்தாவா, ஒரே தடவை விலையா? டெவலப்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் வீட்டிலிருந்தபடியே வெளியூர்க் கம்பெனிக்கு கோட் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர்க் கடைக்கும் மில்லுக்கும் பில்லிங் எழுதிக் கொடுப்பவர்களும், இரண்டு மூன்று பேரை வைத்துச் சின்ன ஆபீஸ் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். விலையும் விதியும் மாறக்கூடியவை, காசு கட்டும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தான்னா என்ன, ஒரே தடவை விலைன்னா என்ன? ரெண்டுலயும் காசுதானே போகுது?

சந்தா வாடகை மாதிரி. மாதமோ வருஷமோ கட்டுகிற வரை மென்பொருள் திறக்கும், புதுப் பதிப்பு வந்தால் அதுவும் சேர்ந்தே வரும். நிறுத்தினால் கதவு சாத்தப்படும். ஒரே தடவை விலை பார்வைக்குக் கிரயம் மாதிரி இருக்கும், ஆனால் முழுக் கிரயம் கிடையாது. கையில் இருக்கும் அந்தப் பதிப்பைக் காலக்கெடு இல்லாமல் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே உங்களுக்கு வருகிறது. அடுத்த பெரிய பதிப்பு வேண்டுமென்றால் அப்கிரேடு விலை தனி. ஒத்திக்கு இங்கே இடமே இல்லை, கொடுத்த முதல் எந்த வழியிலும் திரும்பாது.

நடுவழியும் உண்டு. சப்லைம் டெக்ஸ்ட் எடிட்டரின் தனிநபர் லைசென்ஸ் 99 டாலர். வாங்கிய நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வரும் அப்டேட் எல்லாம் அதில் அடக்கம். அதற்குப் பிறகு, அதுவரை வந்த கடைசிப் பதிப்பு அப்படியே ஓடும், புதியது வேண்டுமென்றால் மறுபடி காசு. 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 2.75 டாலர். "ஒரே தடவை" என்று விற்கப்படும் டெவலப்பர் கருவிகள் பலவும் இந்த வகைதான். ஆகவே எதை வாங்கும்போதும் முதலில் கேட்க வேண்டியது இது: காசு நிறுத்திய மறுநாள் காலையில் என் கம்ப்யூட்டரில் எது திறக்கும்?

சந்தாவை நிறுத்திட்டா நான் எழுதின கோட் போயிடுமா?

போகாது. கோட் வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில்கூடத் திறக்கும். போவது, கருவி தனக்கென்று வைத்திருக்கும் வடிவத்தில் சேமித்தவை: டேட்டாபேஸ் வரைபடம், ஸ்கிரீன் டிசைன், ஏபிஐ சோதனைக்காகச் சேர்த்து வைத்த கோரிக்கைகள். இவை விற்பவரின் கிளவுடில் மட்டும் இருந்தால் கணக்கு முடக்கப்படும் அன்று கைக்கு எட்டாது. மாதம் ஒருமுறை ஜேசன் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து ப்ராஜெக்டோடு கிட்டில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) போட்டு வையுங்கள்.

எது லாபம்? சுருக்கமா ஒரு கணக்கு காட்டுங்க.

ஒரு கருவிக்குச் சந்தா வருஷம் 10,000 ரூபாய், ஒரே தடவை விலை 24,000, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் அப்கிரேடு 12,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருஷத்துக்குச் சந்தா 60,000. ஒரே தடவை வாங்கி நாலாம் வருஷத் தொடக்கத்தில் அப்கிரேடு செய்தால் 36,000. இதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தப்பு.

சில கம்பெனிகள் தொடர்ந்து கட்டுபவருக்கு விலையைக் குறைக்கின்றன. டெவலப்பர் கருவிகள் விற்கும் ஜெட்பிரெயின்ஸ் கம்பெனியின் தனிநபர் சந்தாவில் இரண்டாம் வருஷம் 20 சதவீதம், மூன்றாம் வருஷத்திலிருந்து 40 சதவீதம் தள்ளுபடி என்ற முறை இருந்துவருகிறது. அதே விகிதத்தை நம் கணக்கில் போட்டால் 10,000, 8,000, அப்புறம் வருஷம் 6,000. மூன்றாம் வருஷ முடிவில் இரண்டு பக்கமும் 24,000. நாலாம் வருஷ முடிவில் சந்தா 30,000, ஒரே தடவை 36,000. ஐந்தாம் வருஷ முடிவில் மறுபடி சமம், ஆறில் சந்தா 42,000. அதாவது பெரிய வித்தியாசமே இல்லை. ஒரு வருஷ ப்ராஜெக்டுக்கு மட்டும் தேவைப்படும் கருவி என்றால் சந்தாதான். அப்கிரேடே வேண்டாம், இருக்கிற பதிப்பே போதும் என்று ஆறு வருஷம் ஓட்டுபவருக்கு 24,000-த்தோடு கணக்கு முடிந்துவிடும்.

முதலுக்கு வட்டி போடாமல் கணக்கை முடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம் இல்லையே, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் வருஷம் கூடுதலாகக் கையை விட்டுப் போகும் 14,000-த்துக்கு 7 சதவீதம் என்றால் 980 ரூபாய். தீர்ப்பை மாற்றும் அளவுக்கு இல்லை.

வெப்சைட்ல போட்ட விலைக்கும் கார்டுல போன காசுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவரிடம் வெளிநாட்டு விற்பனையாளர் 18 சதவீத ஜிஎஸ்டி வசூலிப்பார். அதற்கு மேல் உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும், பல கார்டுகளில் அது 3.5 சதவீதம். அந்தக் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. 10,000 ரூபாய்ச் சந்தா 11,800 ஆகி, அதில் 413, அதன் மேல் 74 சேர்ந்து 12,287-இல் வந்து நிற்கும். மேலே போட்ட கணக்கில் இரண்டு பக்கத்துக்குமே இந்தச் சுமை உண்டு. ஆனால் டாலர் ஏறினால் அடி விழுவது வருஷாவருஷம் கட்டுபவருக்குத்தான்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் வாங்கும்போதே நம்பரைக் கொடுத்தால் விற்பவர் வரி போடமாட்டார். விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்கள் 18 சதவீதத்தை ரொக்கமாகக் கட்டி, பிறகு இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம்பரைக் கொடுத்துவிட்டு ரிவர்ஸ் சார்ஜ் கட்ட மறப்பதுதான் அதிகம் நடக்கும் தப்பு.

ஆட்டோ-பே போட்டு வச்சும் ரினியூவல் அன்னைக்கு பேமென்ட் ஃபெயில் ஆகுதே?

ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகப் போகும் தொகைக்கு இ-மேண்டேட் (தானாகப் பிடிக்க வங்கியில் முன்கூட்டியே தரும் அனுமதி) பதிவு வேண்டும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கி தகவல் அனுப்பும். 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓடிபி போடாமல் நகராது. வெளிநாட்டு விற்பனையாளர் சிலர் இந்த முறைக்குள் வரவே இல்லை, அவர்களிடம் ஆட்டோ-பே எப்போதும் தட்டுத்தடுமாறும்.

கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை அணைத்து வைக்கப்பட்டிருப்பதும் ஒரு காரணம். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குப் போய் அதைத் திறந்து, தொகை வரம்பை விலையைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்து, காசு போனதும் மறுபடி அணைத்துவிடுங்கள். வருஷச் சந்தாவை ஆட்டோ-பேயில் விடாமல் 15 நாள் முன்னால் கையால் கட்டுவதே நிம்மதி. மாதச் சந்தாவில் கட்டத் தவறினால் என்ன இழப்பு என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

ஃபால்பேக் லைசென்ஸ்னு சொல்றாங்களே, நிறுத்தினாலும் ஓடும்னு. நிஜமா?

நிஜம்தான், ஆனால் நினைப்பது போல இல்லை. ஜெட்பிரெயின்ஸ் 2015 செப்டம்பரில் சந்தாவுக்கு மாறப்போவதாக அறிவித்தபோது டெவலப்பர்கள் கொதித்தார்கள். அதன் பிறகு சேர்க்கப்பட்டதுதான் இந்த ஏற்பாடு. 12 மாதம் இடைவிடாமல் கட்டினால், அந்த 12 மாதத்தின் தொடக்கத்தில் எந்தப் பதிப்பு இருந்ததோ அது காலமெல்லாம் உங்களுக்கு. கடைசியில் இருந்த பதிப்பு இல்லை, கவனியுங்கள்.

2025 ஜூனில் ஒரு வருஷத்துக்குக் கட்டினீர்கள், அப்போது இருந்தது 2025.1. வருஷம் முழுக்க 2025.2, 2025.3 என்று ஏறிக்கொண்டே போனீர்கள். 2026 ஜூனில் நிறுத்தினால் 2025.1-க்கும் அதன் பிழைதிருத்தங்களுக்கும் இறங்க வேண்டும். தானாக இறங்காது. பழைய பதிப்பை நீங்களே பதிவிறக்கி நிறுவ வேண்டும். புதுப் பதிப்புக்கென்று வந்த ப்ளகின் சில அதில் ஏறாது, இடையில் வந்த மொழி அம்சங்களுக்குச் சிவப்புக் கோடு போடும். கோட் கம்பைல் ஆகும், எடிட்டர் மட்டும் முறைக்கும்.

மாதச் சந்தாவில் கட்டுபவர் பதினோராம் மாதம் பேமென்ட் ஃபெயில் ஆகி இடைவெளி விழுந்தால் 12 மாத எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வருஷச் சந்தாவில் இந்தத் தொல்லை இல்லை. கட்டிய அன்றே அன்றைய பதிப்புக்கு ஃபால்பேக் உரிமை வந்துவிடும்.

அப்போ மாசாமாசம் கட்டவே கூடாதா?

இரண்டு மூன்று மாத வேலைக்கு மாதச் சந்தா சரி. ஆனால் "மாதம் இவ்வளவு" என்று போட்டிருப்பதெல்லாம் மாதச் சந்தா இல்லை. வருஷ ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டுவதும் அப்படித்தான் தெரியும். அடோபியின் அந்த வகைத் திட்டத்தில் 14 நாளுக்குப் பிறகு ரத்து செய்தால் மீதி மாதங்களின் தொகையில் 50 சதவீதம் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தை மறைத்ததாகச் சொல்லி அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்கே தொடுத்தது. பொத்தானை அமுக்கும் முன் அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

விஎஸ் கோட் ஃப்ரீ, கம்யூனிட்டி எடிஷன் ஃப்ரீ. எதுக்கு ஒரு பைசா கொடுக்கணும்?

ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் வேலைக்கு மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் எடிட்டர் போதும் என்றால் கொடுக்கவே வேண்டாம். அதைத் தொழிலுக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. பெரிய ஜாவா ப்ராஜெக்டில் நாளுக்கு எட்டு மணி நேரம் உட்காருபவருக்கு மட்டும் காசு கொடுத்த ஐடிஇ (எடிட்டரும் பிழை தேடும் வசதியும் ஒன்றாக உள்ள கருவி) அந்தக் காசை நேரமாகத் திருப்பித் தரும்.

ஆனால் எல்லா இலவசமும் ஒரே மாதிரி இல்லை. விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டியைத் தனிநபர் தொழிலுக்கே பயன்படுத்தலாம். சிறு நிறுவனத்தில் அதிகபட்சம் 5 பேர், ஆறாவது ஆள் சேர்ந்த அன்று காசு கட்ட வேண்டும். விஎஸ் கோடில் போடும் சி ஷார்ப் டெவ் கிட் எக்ஸ்டென்ஷனுக்கும் இதே விதிதான், பலர் கவனிப்பதில்லை. ஜெட்பிரெயின்ஸின் வெப்ஸ்டார்ம், ரைடர் இரண்டும் 2024 அக்டோபர் முதல் இலவசம், ஆனால் வணிகமில்லாத வேலைக்கு மட்டும். அந்த லைசென்ஸில் பயன்பாட்டுத் தகவல் அனுப்புவதை அணைக்கவும் முடியாது. ஆத்தங்குடி டைல்ஸ் கடைக்கு வெப்சைட் செய்து காசு வாங்கினால் அது வணிகம். தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால் வணிகமில்லை.

காலேஜ் மெயில் ஐடில எடுத்த லைசென்ஸ்ல ஃப்ரீலான்ஸ் பண்ணலாமா?

கூடாது. மாணவர் லைசென்ஸ் படிப்புக்கு மட்டும். படித்து முடித்ததும் சலுகை விலை தருபவர்கள் உண்டு, காலாவதியாகும் முன் மாணவர் கணக்கிலேயே தேடிப் பாருங்கள்.

ஆபீஸ்ல மூணு பேர் இருக்கோம். ஒரு லைசென்ஸ் வாங்கி மாத்தி மாத்தி யூஸ் பண்ணா போதாதா?

லைசென்ஸ் ஆளுக்கா, மெஷினுக்கா என்று முதலில் பாருங்கள். தனிநபர் லைசென்ஸ் பெரும்பாலும் ஆளுக்கு. சப்லைமில் ஒரே ஆள் லேப்டாப், டெஸ்க்டாப், லினக்ஸ் என்று எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பக்கத்து நாற்காலிக்காரர் அதே சாவியைப் போட்டால் மீறல்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஜெட்பிரெயின்ஸ் தனிநபர் லைசென்ஸை உங்கள் சொந்தக் காசில் வாங்கி, கம்பெனி வேலைக்கே பயன்படுத்தலாம். ஆனால் அந்தக் காசைக் கம்பெனி உங்களுக்குத் திருப்பித் தரக் கூடாது. தருவதாக இருந்தால் கம்பெனி பெயரில் நிறுவன லைசென்ஸ்தான் வாங்க வேண்டும், அதன் விலை அதிகம்.

நெட் போயிடுச்சுன்னா சந்தா சாஃப்ட்வேர் திறக்குமா? எங்க வீட்டுல வைஃபையே உள்ள வர மாட்டேங்குது.

ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சர்வரைக் கேட்கும் கருவிகள் குறைவு. சில நாளுக்கோ வாரத்துக்கோ ஒருமுறை கேட்பவைதான் அதிகம். நெட் அடிக்கடி போகும் இடத்தில் ஆஃப்லைன் ஆக்டிவேஷன் கோட் கிடைக்குமா என்று பாருங்கள். ஜெட்பிரெயின்ஸில் கணக்குப் பக்கத்திலிருந்து இறக்கி ஒட்டலாம், ரினியூ செய்ததும் புதுக் கோடை மறுபடி ஒட்ட வேண்டும். சப்லைம் மாதிரிக் கருவிகளில் லைசென்ஸே சில வரி எழுத்துதான்.

வைஃபை தகராறு மென்பொருளால் வருவதில்லை. முகப்பில் வைத்த ரவுட்டரின் அலை, அந்தக் காலத்துக் கனத்த சுவர்களைத் தாண்டி வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டுக்குப் போகாது. ரிப்பீட்டர் வாங்கிக் காசைக் கரைக்காமல், நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு ஓரமாக ஒரு லேன் கேபிளை இழுத்து உள்ளே இரண்டாவது ஆக்சஸ் பாயிண்ட் வையுங்கள்.

அரிசி மில்லுக்கு விபி 6ல எழுதின பில்லிங் இன்னும் ஓடுது. ஒரே தடவை வாங்கினது எவ்வளவு நல்லதுன்னு இதுவே சாட்சி இல்லையா?

பாதி சாட்சி. விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-இல். அதன் எடிட்டருக்கான ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்தது. ஓடுவதற்கான ரன்டைம் மட்டும் விண்டோஸ் 11 வரை கூடவே வருகிறது. கருவிக்குக் கொடுத்த காசு எப்போதோ செரித்துவிட்டது.

இனி மில்லில் என்ன மாறியது என்று பாருங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை உள்ள லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடையிருந்தால் வரி இல்லை. 26 கிலோ மூட்டை பிறந்த கதை இதுதான். பில்லில் எடையைப் பார்த்து வரியைப் பிரிக்க விபி 6-இல் நாலு வரி ‘இஃப்’ போதும், புதுக் கருவி தேவையில்லை. ஆனால் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர், வரியுள்ள சரக்கை இன்னொரு வியாபாரிக்கு விற்றால் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்யும் பில்) வேண்டும். அதற்கு ஜேசன் கோப்பு, பாதுகாப்பான இணைப்பு, க்யூஆர் கோட் எல்லாம் வேண்டும். விபி 6-இல் இதைச் செய்ய ஒட்டுமேல் ஒட்டாகப் போட வேண்டியிருக்கும். அதன் கட்டுப்பாடுகளுக்கு யூனிகோடும் தெரியாது. பழைய எழுத்துரு குறியீட்டில் அடித்த "பொன்னி புழுங்கல்" பிரின்டரில் அழகாக வரும், வாட்ஸப்பில் அனுப்பினால் பூச்சி பூச்சியாகத் தெரியும்.

ஆகவே கருவி பழையதா என்று பார்க்காமல், உங்கள் வேலைக்கு அடியில் இருக்கும் தரை நகர்கிறதா என்று பாருங்கள். மொபைல் ஆப், கிளவுட், வரி சம்பந்தப்பட்டவை நகர்ந்துகொண்டே இருக்கும், அங்கே அப்டேட்டோடு வரும் சந்தாவுக்கு அர்த்தம் உண்டு. டெக்ஸ்ட் எடிட்டர், கோப்பு ஒப்பிடும் கருவி, கிட் கிளையன்ட் மாதிரி நின்ற இடத்தில் நிற்கும் வேலைக்கு ஒரே தடவை விலை போதும். மில் பில்லிங்கை முழுதாக மாற்ற மனமில்லையென்றால் இ-இன்வாய்ஸ் பகுதியை மட்டும் தனிச் சின்ன நிரலாக எழுதி, பழையது எழுதும் கோப்பை அது படிக்கும்படி செய்யலாம்.

ரெண்டு அப்கிரேடை விட்டுட்டு மூணாவதை மட்டும் அப்கிரேடு விலையில வாங்கலாமா?

விற்பவரைப் பொறுத்தது. பலர் முந்தின பதிப்பு வைத்திருப்பவருக்கு மட்டும் அப்கிரேடு விலை தருவார்கள், விட்டுவிட்டால் முழு விலை.  "அப்கிரேடு தகுதி" என்ற வரியை வாங்கும் அன்றே பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள், பிறகு அந்தப் பக்கம் மாறிவிடும்.

ஒரே தடவை வாங்கினேன். இப்போ கம்பெனியே சந்தாவுக்கு மாறிடுச்சு. என்னோடது செல்லுமா?

லைசென்ஸ் செல்லும், ஆதரவு நிற்கும். அடோபி 2013-இல் மாறியது, சிஎஸ்6-தான் கடைசி ஒரே தடவைப் பதிப்பு. பிராட்காம் கைக்குப் போன பிறகு விஎம்வேர் 2023 டிசம்பரில் நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தியது. அட்லாசியன் தன் சர்வர் பதிப்புக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15-இல் முடித்தது.

உண்மையான ஆபத்து ஆக்டிவேஷனில் இருக்கிறது. மெஷின் மாற்றும் அன்று ஆக்டிவேஷன் சர்வர் இல்லையென்றால் சாவி இருந்தும் கதவு திறக்காது. அப்படிப்பட்ட கருவியை ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) நிறுவி, ஆக்டிவேட் செய்து, அந்த மெஷினையே காப்பி எடுத்து வையுங்கள். லைசென்ஸ் அதை அனுமதிக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

ஏஐ உதவியாளருக்கு ஒரே தடவை விலை உண்டா?

கிளவுடில் ஓடுவதற்குக் கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள் சர்வரில் செலவு ஓடுகிறது. ஐடிஇயின் ஃபால்பேக் உரிமையிலும் இது சேராது. தவிர்க்க நினைத்தால் திறந்த மாடலைச் சொந்த மெஷினில் ஓட்டலாம், ஆனால் அதற்கான கிராபிக்ஸ் கார்டின் விலையே பல வருஷச் சந்தா.

இன்கம்டாக்ஸ்ல எதைக் காட்டினா நல்லது?

சந்தா அந்த வருஷத்துச் செலவு, முழுதாகக் கழியும். நிரந்தர லைசென்ஸ் பொதுவாகச் சொத்துக் கணக்கில் போய் 40 சதவீதத் தேய்மானமாகக் கழியும். 24,000-த்தில் முதல் வருஷம் 9,600, வாங்கி 180 நாளுக்குக் குறைவாகவே பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதிதான்.

44ஏடிஏ என்று பழகிப்போன ஊக வருமான முறையில் வரவில் பாதியை லாபமாகக் காட்டுபவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. அங்கே எந்தச் செலவையும் தனியாகக் கழிக்க முடியாது. "வரிக்கு ஆகுமே" என்று சந்தா எடுத்தவர்களில் பலர் இந்த முறையில்தான் இருக்கிறார்கள். எந்த முறை என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, ஒரு சந்தாவை நிறுத்தப் போறேன். எந்த வரிசையில செய்யணும்?

முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் தொடங்குங்கள். முதலில் கிளவுடில் உள்ளதை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஃபால்பேக் உரிமை இருந்தால் அந்தப் பழைய பதிப்பின் நிறுவல் கோப்பையும் ப்ளகின்களின் அதே காலத்துப் பதிப்புகளையும் இறக்கி, சாவியோடு இரண்டு இடத்தில் வையுங்கள். வேறொரு மெஷினில் அதை நிறுவி, நெட்டை அணைத்துவிட்டு, உங்களிடம் உள்ளதிலேயே பெரிய ப்ராஜெக்டைத் திறந்து ஒரு முழு நாள் வேலை பாருங்கள். குறை தெரிந்தால் மாற்றுக் கருவி தேட இன்னும் நாலு வாரம் கையில் இருக்கும்.

பிறகு விற்பவரின் பக்கத்தில் ஆட்டோ-ரினியூவலை அணைத்து, உறுதி மெயில் வந்ததா என்று பாருங்கள். அதோடு விடாமல் வங்கி ஆப்பில் இ-மேண்டேட்டையும் ரத்து செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் அணைத்துவிட்டு இருந்தவர்களுக்குத்தான் அடுத்த வருஷம் அதே தேதியில் எஸ்எம்எஸ் வருகிறது.